சாம்பிள் சாரின் முந்நூறு பேர்

எம்.எட். பட்டம் தருவதற்குப் பல்கலைக்கழகம் என்னென்ன கேட்கிறதோ, அத்தனையையும் கேட்டது கேட்டபடி செய்துகொடுத்த மனிதர் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் சாம்பிள் சார். மீதி எல்லாரும் என்னைப் போலத்தான். என்னைப் போல என்றால் எப்படி என்பதையும் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிய பொட்டலுக்கு நடுவே நிற்கிறது நான் படித்த கல்வியியல் கல்லூரி. டவுனில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எம்.எட். முடித்துவிட்டு வந்தால் முதல்வர் நாற்காலி எனக்குத்தான் என்று பள்ளிக்காரர்கள் ஆசை காட்டினார்கள். இரண்டு வருடம் விடுப்புப் போட்டுவிட்டு, முப்பத்தெட்டு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கடைசி பெஞ்சில் ஒருவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் நான்கு பேனா, மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாளி நிறையச் சுருட்டிய சீட்டுகள்தான் இருந்தன. அவருக்கு உண்மையான பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். கல்லூரிக்கும், சுற்றியுள்ள நாற்பது கிராமத்துக்கும், மூன்று டீக்கடைக்கும் அவர் சாம்பிள் சார்.

எம்.எட். முடிக்க என்ன வேண்டும் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்வுகள் எழுத வேண்டும். வருகை குறையக் கூடாது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டுகளில் படம் வரைந்து கலர் அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஆய்வேடு ஒன்று எழுதி, அதை வெளியூர்ப் பேராசிரியர் முன்னால் வைத்து, அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்றபடி பதில் சொல்ல வேண்டும். ஆய்வேட்டுக்கு, நாற்பது வாக்கியம் எழுதி ஒவ்வொன்றுக்கும் உடன்பாடா இல்லையா என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு கேள்வித்தாள் வேண்டும். அதற்குப் பதில் சொல்ல முந்நூறு பேர் வேண்டும். அந்த முந்நூறு பேருக்குத்தான் சாம்பிள் என்று பெயர்.

சாம்பிள் சார் மற்றதையெல்லாம் பல வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டார். ஆய்வேடு மட்டும் பாக்கி. எங்களுக்கு முன்னால் மூன்று செட்டு படித்து, பட்டம் வாங்கி, வேலைக்குப் போய்விட்டது. இவர் மட்டும் முந்நூறு பேரைத் தேடிக்கொண்டிருந்தார். இந்த முறைதான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டுவிட்டது. இதையும் விட்டால் பழைய தேர்வுகளும் செல்லாது, முதலிலிருந்து சேர்ந்து படிக்க வேண்டும். அவர் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த பயிற்சி நிறுவனத்திலும், எம்.எட். இல்லாமல் அடுத்த ஜூனில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயதில் வேறு எங்கே போய் நிற்பார்?

இப்போது நான் வெட்கப்பட வேண்டிய இடம் வருகிறது. எங்கள் கல்லூரியில் தை பிறந்தால் டிக் அடிக்கும் காலம் தொடங்கும். வாசலில் இருக்கிற கடையில் கலர் கலராகப் பேனா விற்றுத் தீரும். முந்நூறு கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், குடும்பத்தோடு உட்கார்ந்து, நாங்களே டிக் அடித்துவிடுவோம். முந்தைய செட்டு அப்படித்தான் செய்தது, அதற்கு முந்தைய செட்டும் அப்படித்தான். ஆய்வுக்கு வழிகாட்டுகிற கைடுகளுக்கும் தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை.

என் வீட்டில் மூன்று சாயங்காலத்தில் வேலை முடிந்தது. சாப்பாட்டு மேசையில் நான், என் வீட்டுக்காரர், நாத்தனார். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு வந்த நூறு தாளிலும் முதல் கட்டத்திலேயே டிக் அடித்துத் தள்ளினார். அதாவது, ‘முற்றிலும் உடன்படுகிறேன்.’

“என்னங்க, எல்லாத்துக்கும் ஒரே பதிலா?”

“பதினஞ்சு வருசமா இந்த வீட்டுல வேற என்ன பதில் சொல்லிருக்கேன்?” என்றார்.

நாத்தனார் நேர்மாறு. எதைக் கேட்டாலும் ‘முற்றிலும் உடன்படவில்லை.’ இரண்டு பேரையும் கலந்து போட்டதும் என் புள்ளிவிவரம் அழகாகச் சமன்பட்டது. தாள்களை மடித்து, வாசலில் போட்டு மண்ணில் புரட்டி, பத்துத் தாளில் டீ டம்ளரை வைத்து வட்டம் பதித்தேன். வெயிலில் அலைந்து வாங்கிவந்த தாள்கள் தயார்.

சாம்பிள் சாருக்கு இந்த வித்தை வராது. அவர் தலைப்பு, இந்த வறண்ட வட்டாரத்துப் பெற்றோர்கள் படிப்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது. பள்ளிக்கூடங்களில் அனுமதி கேட்டுப் பெற்றோர் பெயர்களை வாங்கி, சீட்டு எழுதிச் சுருட்டி, தூக்குவாளியில் போட்டுக் குலுக்கி, முந்நூறு சீட்டை எடுத்தார். சீட்டில் யார் பெயர் வந்ததோ அவரைத்தான் கேட்பார். அவர் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதெப்படி டீச்சர்? சீட்டு அவுக பேருக்குல்ல விழுந்துருக்கு?”

இந்தச் சீட்டினால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் கிராமத்திலேயே ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, “அம்மா, குலுக்கல்ல உங்க பேரு வந்துருக்கு” என்று ஆரம்பித்தார். அந்த அம்மா உள்ளே போனவர் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கால் மணி நேரத்தில் ஊரே நகலோடு வரிசையில் நின்றது. இலவச வீடு வந்திருக்கிறது என்று பேச்சு. இல்லையம்மா, கேள்விதான் வந்திருக்கிறது என்று அவர் சொன்னதும், “அந்த மேலத்தெருக்காரிக்கு மட்டும் கேள்வி, எங்களுக்குக் கிடையாதா?” என்று சண்டை கிளம்பிவிட்டது. அவர் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வந்து சமாதானம் பேசித்தான் சாவி கிடைத்தது.

மல்லாங்கிணறு பக்கம் ஒரு ஆட்டுக்காரரிடம் போனார். கேள்வித்தாளில் முதல் வாக்கியம், ‘படிப்பு வாழ்க்கையை உயர்த்தும்.’

“இதுக்கு என்ன சொல்றீக அண்ணே?”

“எம் மவன் என்ஜினியரிங் படிச்சான். இப்ப எங்கூடத்தேன் ஆடு மேய்க்கிறான்.”

“அப்ப உடன்படல?”

“ஏன் உடன்படல? படிச்சதுனாலதேன் ஆட்டுக்கு அவனே ஊசி போடுறான்.”

“சரி, உடன்படுறீக.”

“ஊசி போட்டு ரெண்டு கெடா செத்துப்போச்சேய்யா!”

சாம்பிள் சார் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தார். “அப்ப ‘கருத்தில்லை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போடட்டுமா?”

ஆட்டுக்காரர் கம்பை ஊன்றி எழுந்துவிட்டார். “யாருக்குக் கருத்தில்ல? எனக்கா? ஒக்காருமய்யா கீழ!”

உட்கார்ந்தவர் எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. முதல் வாக்கியத்தையே தாண்டவில்லை. மறுநாள் மீதி முப்பத்தொன்பதுக்காகத் திரும்பப் போனார். வழியில் ஆட்டுக்கு நல்ல மருந்து எது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு, அதையும் எழுதி எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு தாளுக்கு மட்டும் அவருக்கு நான்கு நாள் பிடித்தது.

அருப்புக்கோட்டையில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் எட்டுப் பேருக்குச் சீட்டு விழுந்திருந்தது. தறி ஓடும்போது காதில் ஒன்றும் விழாது. நின்றால் வேலை கெடும். எனவே இவர் வாக்கியத்தைப் பெரிய அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்தார். அவர்கள் விரலைக் காட்ட வேண்டும், ஒன்று முதல் ஐந்து வரை. எட்டுப் பேரும் நாற்பது வாக்கியத்துக்கும் மடமடவென்று விரலைக் காட்டினார்கள். சாம்பிள் சாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டீ நேரத்தில் ஒரு சந்தேகத்துக்காக விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர்களில் பாதிப் பேர் அட்டையைப் படிக்கவே இல்லை. அஞ்சு நிமிடம் பொறுங்கள், வருகிறோம் என்றுதான் ஐந்து விரலைக் காட்டியிருக்கிறார்கள். யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று பிரிக்க முடியாமல் எட்டுத் தாளையும் அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டார். கேள்விப்பட்டு எங்கள் வகுப்பே பதறியது.

“கிழிச்சுட்டீகளா சார்? நல்லாத்தானே டிக் விழுந்திருந்துச்சு?”

“அது அவுக பதில் இல்லையே டீச்சர்,” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாத நாளில் எட்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்விட்டு வந்தார்.

ஒரு ஜவுளிக்கடை பாய்க்குச் சீட்டு விழுந்தது. அவர் வளைகுடாவில் மகன்களோடு இருந்தார். சாம்பிள் சார் விடவில்லை. வீடியோ அழைப்பில் பிடித்து நாற்பது வாக்கியத்தையும் வாசித்தார். அந்த அறையில் தங்கியிருந்த ராமநாதபுரத்துக்காரர், காயல்பட்டினத்துக்காரர் எல்லாரும் வந்து போனைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். “உங்க பதிலெல்லாம் அருமை. ஆனா உங்க பேரு என் வாளியில இல்ல” என்று இவர் சொன்னதில் கடல் தாண்டி இருந்த ஆறு பேருக்கு மனத்தாங்கல்.

சொந்த மகள் கல்யாணத்திலும் அவர் திருந்தவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் பட்டியலில் இருந்தது. பெண்ணின் தகப்பனார் எதிரே வந்து நிற்கிறாரே, பாயசம் போதுமா என்று கேட்கப்போகிறார் என்று அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். “பள்ளிக்கூடத்தில் கண்டிப்பு அவசியம். நீங்க உடன்படுறீகளா?” என்று இவர் கேட்டார். சாம்பிள் சாரின் மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது பதினாறாவது வாக்கியம் வரை வந்திருந்தார்.

“இவுக முந்நூறு பேரப் பாத்து முடிக்கிறதுக்குள்ள நான் பேரன் பேத்தியே எடுத்துருவேன்,” என்று அந்த அம்மா என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். அப்படியே நடந்தது. பேரன் பிறந்த அன்று அவர் இருநூற்று நாற்பதில் இருந்தார்.

கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஆய்வேடு பல்கலைக்கழக மையத்தில் இருக்க வேண்டும். கணக்குப் போட ஒரு நாள், அச்சடிக்க ஒரு நாள், பைண்டிங்குக்கு ஒரு நாள். சாம்பிள் சார் கையில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது தாள் இருந்தது.

முந்நூறாவது சீட்டு பாண்டியம்மாள் என்ற பெண்ணுக்கு விழுந்திருந்தது. எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். சாம்பிள் சார் நான்கு முறை போயும் வீடு பூட்டிக் கிடந்தது.

எங்கள் கைடு, ஓய்வு பெறும் வயதில் இருந்த ரத்தக்கொதிப்புக்காரர். மூன்று செட்டாகச் சாம்பிள் சாரோடு கிடந்து அல்லாடியவர். அன்று அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆய்வேட்டை எப்போதோ கொடுத்துவிட்ட திமிரில் நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“யோவ், ஒத்த ஃபாரம்யா. ஒரே ஒரு ஃபாரம். நான் மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீர் டிக் அடிச்சு மேசையில வையும்.”

“இருநூத்தித் தொண்ணூத்தொம்போதுன்னே போட்டுக்கிறலாமாங்கய்யா?”

“முந்நூறுன்னு ஒப்புதல் வாங்கிருக்கோம்ல? மாத்துனா மறுபடி கமிட்டிக்குப் போகணும். அதுக்கு நாளு இருக்கா?”

“பதிலாள் கேக்குறதில்லைன்னும் எழுதிக் குடுத்துட்டேன்.”

“அதை எவன்யா படிக்கப் போறான்!”

“நான் எழுதிருக்கேன்லங்கய்யா,” என்றார் சாம்பிள் சார்.

கைடு நிஜமாகவே தலையை அண்ணாந்து ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். சாம்பிள் சார் தாளை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். வேலை போய்விடும் என்கிற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கை முதல் கட்டத்துக்குப் போயிற்று, இரண்டாவதுக்குப் போயிற்று, திரும்பி வந்தது. கால் மணி நேரம் ஆனது. கைடுக்குக் கழுத்து வலித்திருக்க வேண்டும்.

“என்னய்யா?”

“வரலைங்கய்யா.”

“என்ன வரலை?”

“பாண்டியம்மா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியலைங்கய்யா.”

முந்நூறு பேரும் என்ன சொல்வார்கள் என்று தெரிந்து வைத்திருந்த நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு என்னவோ போல இருந்தது. “கிளம்புங்க சார், என் ஸ்கூட்டர்ல போய்த் தேடிப் பாத்துருவோம்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருடைய மொபெட் முந்தின வாரமே படுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், கேள்வித்தாளுக்குப் பதில் சொல்கிற ஆள் நிஜத்தில் எப்படி இருப்பார் என்று பார்க்கிற ஆசையும் எனக்கு இருந்தது.

அவர் என் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பஸ் நிறுத்த டீக்கடையில் ஒருவர், “ஏலே, சாம்பிள் சார டீச்சரம்மா கடத்திட்டுப் போகுது பாரு!” என்று கூவினார். நான் வேகத்தைக் கூட்டினேன்.

பாண்டியம்மாள் வீடு அன்றும் பூட்டித்தான் கிடந்தது. பக்கத்து வீட்டில், “கரிமூட்டத்துக்குப் போயிருக்கு. திருச்சுழி தாண்டி எங்கிட்டோ” என்றார்கள். எங்கிட்டோ என்பதற்குள் எத்தனை மண்பாதை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். முதல் மூட்டத்தில் இல்லை. இரண்டாவதில் போன வாரம் இருந்தார்களாம். மூன்றாவது மூட்டத்தில், மாலை நான்கு மணிக்கு, புகைக்கு நடுவில் ஒரு பெண் மண்வெட்டியோடு நின்றிருந்தார். முகம் முழுக்கக் கரி.

“பாண்டியம்மா?”

“ஆமா. நீங்க யாரு?”

சாம்பிள் சார் விஷயத்தைச் சொன்னார். அதற்குள் குலுக்கல், வீடு இரண்டு வார்த்தையையும் தவிர்க்கப் பழகியிருந்தார். பாண்டியம்மாள் கையை விரித்தார். கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே தீ வைத்திருக்கிறது. மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் கரி கிடைக்காது, அத்தனையும் சாம்பல். அன்றைக்கு அங்கங்கே வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது.

“நீங்க வேலையப் பாருங்க. நாங்க கூடவே வாரோம்,” என்றார் சாம்பிள் சார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் சட்டியைத் தூக்கினார். அவர் மண் சுமக்க, பாண்டியம்மாள் பூச, நான் பின்னாலேயே நடந்து வாக்கியங்களை வாசித்து டிக் அடித்தேன். மூட்டத்தைப் பத்துத் தடவையாவது சுற்றியிருப்போம். என் சேலை நிறம் போன இடம் தெரியவில்லை.

பாண்டியம்மாள் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் சொன்னார். இரண்டு முறை திரும்ப வாசிக்கச் சொன்னார். இருபத்திரண்டாவது வாக்கியம் வந்தது. ‘பெண்பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு வரை படிப்பு போதும்.’ பூசுகிற கை நின்றுவிட்டது.

“இத எழுதுனது யாரு?”

சாம்பிள் சார் சட்டியை இறக்கினார். “நாந்தேன்ம்மா.”

“உங்க மவள எம்புட்டுப் படிக்க வச்சீக?”

“எம்.எஸ்சி.”

“எம் மவளுக்கு மட்டும் எதுக்குப் பத்தாப்பு?”

“அப்படிச் சொல்லலம்மா. நீங்க என்ன நினைக்கிறீகன்னு...”

“முற்றிலும் உடன்படலைன்னு போடுங்க டீச்சர். நல்லாப் பெருசாப் போடுங்க.”

கட்டத்தைத் தாண்டி வரும்படி பெரிதாகப் போட்டேன். என் நாத்தனார் இதே பதிலை நூறு தாளில் டிக் அடித்திருந்தார், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே.

நாற்பதும் முடிந்து, பெருவிரலைத் தாளில் பதித்தார். மை தேவைப்படவில்லை. நாங்கள் கிளம்பும்போது, “அம்புட்டுத்தானா? இன்னும் இருந்தாக் கேளுங்களேன்” என்றார். பிறகு, “பள்ளிக்கூடத்துல கூப்புட்டா இங்க கைநாட்டு வையின்னு சொல்வாக. நீ என்ன நினைக்கிறேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன். சாம்பிள் சாருக்கு விஷயம் புரியவில்லை, சேலைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டார். “துவைச்சாப் போயிரும் டீச்சர்,” என்று சமாதானம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, பசை காயாத ஐந்து பிரதிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு மையத்துக்கு வந்தார். உள்ளே வாங்குகிறவர், விடுதியில் பாக்கி இல்லை என்கிற சான்றிதழ் எங்கே என்றார். எங்கள் கல்லூரியில் இருப்பது பெண்கள் விடுதி ஒன்றுதான். தான் அங்கே தங்கியதே இல்லை என்று இவர் சொன்னார். தங்கவில்லை என்பதற்குத்தான் கையெழுத்து வேண்டும் என்றார் அவர். நான் ஸ்கூட்டரில் பறந்து போய் வார்டன் அம்மாவை எழுப்பினேன். ஐம்பது வயது ஆண் ஒருவர் மகளிர் விடுதியில் எந்தப் பாக்கியும் வைக்கவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பும்போது நான்கு அடிக்க மூன்று நிமிடம் இருந்தது.

ஒரு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம், ஒவ்வொருவராக எழுந்து போக வேண்டும். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் அட்டவணைகளைப் புரட்டிவிட்டு, “ரொம்பச் சுத்தமான தரவு. எல்லாக் கருதுகோளும் நிரூபணமாகிறது” என்று பாராட்டினார். களத்தில் என்ன சிரமம் என்று கேட்டார். “வெயில் சார்,” என்றேன். தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அடுத்து சாம்பிள் சார். தேர்வாளர் அட்டவணைகளைப் பார்க்கப் பார்க்க அவர் நெற்றி சுருங்கியது.

“இதுல ஒரு கருதுகோளும் நிக்கலையேய்யா. படிச்சவுங்க படிப்பு வேண்டாங்கிறாங்க, படிக்காதவுங்க வேணுங்கிறாங்க, அதுலயும் பாதிப் பேரு மாத்திச் சொல்றாங்க. ஏன் இப்படிக் கலைஞ்சு கிடக்கு?”

“அப்படித்தேங்கய்யா இருக்காக,” என்றார் சாம்பிள் சார்.

“யாரு?”

“ஜனங்க.”

கைடு கண்ணை மூடிக்கொண்டார். சாம்பிள் சார் முதல் ஆளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஆட்டுக்காரர், தறிக்காரர்கள், பந்தியில் உட்கார்ந்தவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். தாளைப் பார்க்கவே இல்லை. பெயர், ஊர், என்ன சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் எல்லாம் வாயிலிருந்து வந்தது. சாப்பாட்டு மணி அடித்தது, தேர்வாளர் எழுந்திருக்கவில்லை. அறுபதாவது ஆளிலோ என்னவோ கையைக் காட்டி நிறுத்தினார். “இவங்க எல்லாரையும் நீங்களே பாத்தீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றதும் எழுந்து நின்று கை கொடுத்தார். எங்கள் யாருக்கும் கை கொடுக்கவில்லை.

ஆனாலும் மதிப்பெண் என்பது அட்டவணையைப் பார்த்துத்தான். நான் முதல் வகுப்பு, சிறப்புத் தகுதியோடு. சாம்பிள் சார் இரண்டாம் வகுப்பில் தேறினார். தேறினார் என்பதுதான் முக்கியம். பயிற்சி நிறுவனத்தில் அவருக்கு வேலை நிரந்தரமாயிற்று. எனக்கும் முதல்வர் நாற்காலி வந்தது. அதில் உட்காரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அடித்த நூறு டிக் ஞாபகம் வரும்.

முடிவு வந்து சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை திருச்சுழி சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஊர் முகப்பில் அந்த மொபெட் நின்றது. சாம்பிள் சார் ஒரு வீட்டு வாசலில் நின்று, “அண்ணே, நாம பாஸாயிட்டோம்!” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்தவர், “அப்படியா! நமக்கு எம்புட்டு மார்க்கு?” என்று கேட்டார். இவர் மார்க்கைச் சொன்னார். “இன்னுங் கொஞ்சம் நல்லாச் சொல்லிருக்கலாமோ நானு?” என்று அந்த மனிதர் வருத்தப்பட்டார்.

முந்நூறு பேருக்கும் நேரில் போய் முடிவைச் சொல்வது என்று கிளம்பியிருக்கிறார். பல்கலைக்கழகம் இதைக் கேட்கவில்லை. எந்த விதியிலும் இது கிடையாது.

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, “டீச்சர், நீங்க உங்க ஆளுகளுக்கெல்லாம் சொல்லியாச்சா?” என்றார்.

குத்திக் கேட்கவில்லை. அவருக்குக் குத்தத் தெரியாது. நான் வண்டியை நிறுத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். மேசை, பேனா, வீட்டுக்காரர், நாத்தனார், டீ டம்ளர் எல்லாம். எனக்குச் சொல்ல ஆளே இல்லை சார் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மொபெட்டில் தொங்கிய வாளியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பட்டியலை எடுத்து, நடுவில் மடித்துக் கிழித்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

“எங்கிட்டத்தேன் முந்நூறு பேரு இருக்காகளே டீச்சர். பாதிப் பேர நீங்க வச்சுக்கோங்க.”

அன்று சாயங்காலம் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ‘சாம்பிள் சார் பாஸாயிட்டாக’ என்று நான் சொன்ன ஒவ்வொரு வாசலிலும் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், அவுக நல்லாருக்காகளா என்று கேட்டார்கள். நான் பாஸான அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.